பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிக் காட்டி, "முகம் எவ்வளவு தெளிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். நானும் ஆமாம் என்றேன். ஆறு வருடமாக மாத்திரையால் உன் கண்ணுக்குக் கீழே இருந்த அந்த வீக்கம் போட்டோவில் இல்லை. அம்மா சந்தோஷமாக இருக்கட்டும் என்று மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். அண்ணன் வீடு மாறிவிட்டான்.

ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிசிஆர் ரிப்போர்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்ததும் படம் எடுத்து அனுப்புவாய். இந்தத் தடவை வரவில்லை. லேபில் தாமதமாகியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, வேளை தவறாதே.

ரிட்டயர் ஆனதிலிருந்து நான் உன் ரத்தப் புற்றைப் பற்றித்தான் படிக்கிறேன். 9-ம் 22-ம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட கதையை நீ அன்றைக்கு டாக்டர் முன்னால் கோவையாகச் சொன்னாயே, அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பெருமையில் தொண்டை அடைத்துவிட்டது. இப்போது முழுவதும் புரிகிறது.

டில், மெக்கலக் என்ற இரண்டு பேர் 1961-ல் டொரண்டோவில் செய்த சோதனையைப் படித்தேன். கதிர்வீச்சில் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜைச் செல்களை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து வந்தது என்று இரண்டு வருடத்தில் உறுதி செய்தார்கள். அந்தச் செல் தன்னைப் போல இன்னொன்றையும் உண்டாக்கும், வேறு வேறு வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் பெறும். ஸ்டெம் செல் என்றால் அவ்வளவுதான்.

மண்ணீரல் என்ற சொல் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. டாக்டர் உன் இடது விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்திக்கொண்டே இறங்கி, அது முடிகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கோடு தொப்புளுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதை நான்தான் பார்த்தேன்.

சாதாரண வெள்ளையணு கொஞ்ச நாளில் செத்துப்போகும். அதில் ஒரு தப்பு விழுந்தாலும் அதோடு போய்விடும். ஸ்டெம் செல் வருடக்கணக்கில் இருப்பது. அதில் விழுந்த தப்பு தங்கிவிடும், பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் போகும். உனக்கு நடந்தது அதுதான். 1994-ல் அதே டொரண்டோவில் ஜான் டிக்கின் குழு வேறொரு வகை ரத்தப் புற்றில் இன்னொன்றைப் பார்த்தது. நோயாளியின் புற்றுச் செல்களில் மிகச் சிலவற்றால்தான் எலிக்குள் நோயைத் திரும்ப உண்டாக்க முடிந்தது. எல்லாப் புற்றும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாதாம். ஆனால் உன்னுடையதில் வேர் எங்கே என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

உன் மாத்திரை 2001-ல் நடைமுறைக்கு வந்தது. குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் உண்டான கெட்ட புரதத்தின் வேலையை அது நிறுத்துகிறது. அதை நம்பிப் பெருகும் செல்கள் சாகின்றன. மஜ்ஜைக்குள் பிரியாமல் தூங்குகிற ஸ்டெம் செல் உயிரோடிருக்க அந்தப் புரதம் தேவையில்லை. அதனால் மாத்திரைக்கு அது சாவதில்லை. கோரையை அறுத்தால் தரை சுத்தமாகத் தெரிகிறது, கிழங்கு உள்ளே கிடக்கிறது. பிசிஆரில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தாலும் அப்படித்தான் பாப்பா.

நிறுத்திப் பார்த்தவர்கள் உண்டு, அதையும் படித்தேன். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வு. குறைந்தது மூன்று வருடம் மருந்து எடுத்து, ஒரு வருடமாவது நோய் மிக ஆழத்தில் அடங்கியிருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பியது. மறுபடி மருந்தைத் தொடங்கியதும் அடங்கியது. ஆனால் அவர்கள் டாக்டருக்குத் தெரிந்து நிறுத்தினார்கள். தொடக்கத்தில் மாதாமாதம் ரத்தம் கொடுத்தார்கள். மாதாமாதம்.

கரு தரிக்க நினைக்கிறவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். அதையெல்லாம் உன்னிடம் பேச அப்பாவுக்கு வாய் வராது. மாப்பிள்ளையிடம் கேட்கவும் கூச்சம். நாங்கள் பேரன் பேத்தி என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, திறக்கவும் மாட்டோம். எங்களுக்குப் பிள்ளை நீ.

முன்பெல்லாம் ஒரு இருமல் என்றாலும் போன் செய்வாய். ஆறு வருடம் உன்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ரிப்போர்ட்டில் உள்ள ஒரு எண்ணைச் சொல்லக் கூடாதா? எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவில்லை. ஆனால் இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கடைசிப் பரீட்சைக்கு முன் கல்லூரியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உன் ரிப்போர்ட் மட்டும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். வந்தது. தபாலை வாங்கியவன் நான். வெள்ளையணு 38,000. பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. ஏதோ காய்ச்சலாக இருக்கும், பரீட்சை முடியட்டும், பிள்ளை பயந்துவிடுவாள் என்று நாலாக மடித்து பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். ஏழு வாரம். அந்த நாட்களில்தான் நீ இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளினாய். நான் அதட்டினேன். உள்ளே மண்ணீரல் பெருத்து இரைப்பையை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

யாருக்கு என்று சொல்லாமல் ஒரு டாக்டரிடம் பிறகு கேட்டேன். இந்த வகையில் ஏழு வாரம் பெரிதாக எதையும் மாற்றியிருக்காது என்றார். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. உன் உடம்பின் கணக்கை உன்னிடமே மறைத்தேன். சரி என்று நினைத்துத்தான் மறைத்தேன். நீயும் இப்போது ஏதோ ஒன்றைச் சரி என்று நினைத்து வைத்துக்கொண்டிருக்கலாம். திட்ட மாட்டேன் பாப்பா. எண் எதுவானாலும் சொல். டாக்டரிடமாவது சொல்.

நேரத்துக்குத் தூங்கு. அந்த ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அப்பா