19-ஆவது துண்டை இன்றுதான் திறந்தேன்

மச்சான்,

பழைய கணினியை விற்கப் போகிறேன். வாங்குகிற பொடியன் நாளை காலை வருகிறான். அதற்கு முன் டிஸ்கில் கிடப்பதை எல்லாம் எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தபோது அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. 2022-04-09. இன்றும் ஏப்ரல் 9. நானாகத் தேடிப் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு நேரே அனுப்பத்தான் பார்த்தேன். பழைய நம்பருக்கு ஒரு டிக்தான் விழுகிறது. புது நம்பர் வைத்திருப்பவன் தர மாட்டேன் என்கிறான். நீ தர வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். ஆகவே இங்கே எழுதுகிறேன். கணினியில் சேர்ந்து விமானச் சண்டை விளையாடிய நம் குழுவில் இருந்த மற்ற நாலு பேரும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள். அன்றைக்கு நான் உன்னைப் பற்றிச் சொன்னதை அவர்கள்தான் கேட்டார்கள், இதையும் அவர்கள் கேட்கட்டும். நீ எந்த நாட்டில் இருக்கிறாய், எப்படிப் போனாய் என்பது பற்றி ஒரு வரியும் இதில் வராது.

நீ என்னைச் சுடவில்லை.

இதை எழுத நான்கு வருடம் ஆகியிருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நீ கேட்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். அன்றிரவு நான் வட்ஸ்அப்பில் படம் பிடித்துப் போட்ட வரி இதுதான்: "டி:31450 ஏடைப்:3 ஏஐடி:311295 டிஐடி:394239".

உனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் விளையாடிய ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்கிற விமானச் சண்டை விளையாட்டில் சர்வரைச் சொந்தமாக ஓட்டினால், பறப்பில் நடக்கிற ஒவ்வொன்றையும் அது எழுதி வைக்கும். டி என்பது நேரம், ஒரு வினாடிக்கு 50. அப்படியென்றால் 31450 என்பது தொடங்கி 10 நிமிடம் 29 வினாடி. ஏடைப் 3 என்றால் ஏதோ ஒன்று அழிந்துவிட்டது. ஏஐடி அடித்தவரின் எண், டிஐடி அடிபட்டவரின் எண். அடித்தவர் பெயர் அந்த வரியில் இராது. பெயர் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் விமானத்தில் ஏறி உட்காரும்போது எழுதப்படுகிற ஏடைப் 10 வரிக்குப் போக வேண்டும்.

நான் 311295 என்று தேடினேன். ஏடைப் 10 வரி ஒன்று வந்தது, அதில் உன் பெயர் இருந்தது. அதோடு தேடுவதை நிறுத்திவிட்டேன்.

அன்றைக்குக் கரண்ட் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள். ஏப்ரலில் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் அன்றிரவு நேரம் சொல்லாமலே போனது. சர்வர் என் வீட்டில். யூபிஎஸ் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தது, பிறகு எல்லாம் இருட்டு. வெளிச்சம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒரே இரவுக்கு இரண்டு கட்டுப் பதிவுகள், மச்சான். கோப்பின் பெயரில் தொடங்கிய நேரம் தெளிவாக இருக்கிறது. நான் இரண்டையும் ஒரே கோப்பில் கொட்டித் தேடியிருக்கிறேன். எண்கள் ஆளுக்கென்று நிரந்தரமாக ஒட்டியவை அல்ல. மிஷன் புதிதாகத் தொடங்கினால் அதே எண் வேறொன்றுக்குப் போகும். முதல் ஓட்டத்தில் 311295 உன் ஹரிகேன் விமானம். இரண்டாம் ஓட்டத்தில் அது ஹைன்கெல் என்கிற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் முதுகில் இருந்த துப்பாக்கிக்காரனின் எண். துப்பாக்கி மேடைக்குத் தனி எண், அது எந்த விமானத்துக்குச் சொந்தம் என்பது இன்னொரு வரியில். இதையும் நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய்.

சொல்லித் தந்தவன் நீ. உன் வீட்டுப் பின்விறாந்தையில், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினாய். "விழுந்த வரியைப் பாத்திட்டு நிக்காத. அதில இருந்து மேல ஏறு. ஆர் அடிச்சது, என்னத்தால அடிச்சது, எவ்வளவு போனது எண்டு பாத்துக்கொண்டு ஏறு." நான் ஏறவில்லை. பதிவு துண்டு துண்டாகத்தான் எழுதப்படும். நான் விழுந்தது 20-ஆவது துண்டில். அதற்கு மேலே ஏற வேண்டுமென்றால் 19-ஐத் திறக்க வேண்டும். அதை நான் இன்று மத்தியானம் வரை திறக்கவில்லை.

19-இல் என்ன இருக்கிறது தெரியுமா? டி:29310-இல் தொடங்கி என் விமானத்தில் ஏழு அடி. ஏழும் 311295-இலிருந்து. ஏழுக்கும் குண்டின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரிலேயே நாடு இருக்கும், குறுக்களவு இருக்கும். ஜெர்மன், 7.92. உன் ஹரிகேனில் இருந்தது பிரித்தானிய 7.7. இந்த ஒரு சொல்லைப் பார்த்திருந்தால் போதும். அடுத்தடுத்துச் சேத வரிகள்: 0.021, 0.064, 0.112. பிறகு அடித்தவர் எண் -1 என்று மூன்று வரி. -1 என்றால் யாருமில்லை, விமானம் தானே எரிந்துகொண்டிருக்கிறது. அடி விழுந்து 43 வினாடிக்குப் பிறகுதான் நான் விழுந்திருக்கிறேன். அந்த 43 வினாடியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஹைன்கெல்லுக்குப் பின்னாலேயே போயிருக்கிறேன்.

நான் ஏன் உன்னை நினைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் இடது இறக்கைக்கு மேலால் பின்னாலிருந்து தீப்பொறிக் கோடு போனது. அதை என் கண்ணால் பார்த்தேன். நீ எனக்குப் பின்னால் இருந்தாய், ஹைன்கெல்லைப் பார்த்துச் சுட்டாய், அது எனக்கு மேலால் போனது. அப்படிச் சுட்டது பிழைதான் மச்சான். முன்னால் உன் ஆள் நிற்கும்போது சுடக்கூடாது, அதை இன்றைக்கும் சொல்வேன். பிறகு குழுவில் ஒருவர் "உன்ர ஆள்தான் போல" என்று எழுதினார். அவர் யார் என்று இங்கே எழுதவில்லை, அவருக்கே தெரியும். அவர் எழுதியிராவிட்டால் நான் அந்த வரியைத் தேடியிருக்க மாட்டேன். ஆனால் படம் பிடித்துப் போட்டது நான். அதற்குக் கீழே நான் எழுதியதை இங்கே திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த மிஷனைக் கட்டியது நீ. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் நம் திருகோணமலையில் குண்டு போட்டு 80 வருடம் நிறைகிறது என்று ஒரு மாதமாக அதிலேயே கிடந்தாய். விளையாட்டில் ஜப்பான் விமானம் இல்லை, திருகோணமலையும் இல்லை. குபான் வரைபடத்தில் நொவொரொசிஸ்க் குடாவை நம் துறைமுகம் என்று வைத்துக்கொண்டாய். பாய்ந்து குண்டு போடுகிற ஸ்டூக்கா விமானத்தைப் போடுவோம் என்று நான் சொன்னதற்குச் சண்டை பிடித்தாய். பாய்ந்து குண்டு போட்டவர்கள் மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மீஸ் கப்பலைத் தாட்டவர்கள், துறைமுகத்துக்கு வந்தவை மட்டமாகப் பறந்தவை, ஆகவே ஹைன்கெல்தான் சரி என்றாய். சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பிய பிரித்தானிய ஹரிகேன்களில் எட்டு அன்றைக்குப் போனது என்று சொல்லி, ஆளுக்கு ஒரு உயிர்தான், விழுந்தவன் திரும்ப ஏறக்கூடாது என்று சட்டம் வைத்தாய். எண்ணெய்த் தாங்கியில் மோதிய விமானத்தைப் பற்றி எத்தனை இரவு கதைத்திருப்போம். அதில் இருந்தவர்கள் வேண்டுமென்றே பாய்ந்தார்களா, அடிபட்டு விழுந்தார்களா என்று. தாங்கி ஏழு நாள் எரிந்தது என்கிறார்கள். வேண்டுமென்றேதான் என்று நான் நிற்பேன். "பாத்தவன் சொன்னது வேற, நடந்தது வேற, மேல இருந்த வரி எங்களிட்ட இல்லை" என்பாய் நீ.

எங்களிடம் மேல் வரி இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இப்போது அந்தக் காலை. அதை நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய்.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணி இருக்கும். படலையில் சைக்கிள் மணி கேட்டது. நான் யன்னலால் பார்த்தேன். நீ நிற்கிறாய். ஒழுங்கையில் இரண்டு மான் உன்னைப் பார்த்தபடி நிற்கின்றன, நீ அவற்றைப் பார்க்கவில்லை. சைக்கிள் கரியரில் ஐந்து லீற்றர் கான், ரியூப் துண்டால் கட்டியிருக்கிறாய். முதல்நாள் மத்தியானத்திலிருந்து நீ பெற்றோல் வரிசையில் நின்றது எனக்குத் தெரியும், அங்கிருந்துதான் பறக்கவே வந்தாய். அப்பாவுக்குத் திங்கட்கிழமை கிளினிக். ஓட்டோவில் பெற்றோல் இல்லை. இதை நான் உன்னிடம் கேட்கவில்லை, அம்மா உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் கதவைத் திறந்து வந்தேன். நீ கானை அவிழ்த்துத் தந்தாய். ரியூப் முடிச்சு இறுகிப் போய் உன் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது, அவிழ்க்க நேரம் எடுத்தது. நான் உதவிக்கு வரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கை முழுக்கப் பெற்றோல் மணம். "மூண்டரை லீற்றர்தான் இருக்கு," என்றாய். நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. தேத்தண்ணி குடி என்று சொல்லவில்லை. "ராத்திரி போட்டதைப் பாத்தியா?" என்று கேட்டேன். மச்சான், கானைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

"பாத்தன்," என்றாய். "சரி, நீ சொல்லுறபடியே இருக்கட்டும்." சைக்கிளைத் திருப்பினாய்.

அப்பா அந்தப் பெற்றோலில்தான் போய் வந்தார். அதற்குப் பிறகும் ஒரு வருடம் இருந்தார். உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தரம் சொன்னார். நான் சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மன்னித்துக்கொள். அந்த வரிக்கும், அந்தக் கேள்விக்கும், உள்ளே கூப்பிடாததற்கும். நாலு பேர் பார்க்க எழுதியதற்கு நாலு பேர் பார்க்கவே கேட்கிறேன்.

ஆனால் நீயும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்த அடுத்த நிமிடமே உனக்கு விளங்கியிருக்கும். முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம், எண் மாறியது எல்லாம். நான் செய்த பிழை உன்னிடம் படித்த பாடத்தில் செய்த பிழை. "19-ஐத் திற" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் அன்றிரவே முடிந்திருக்கும். நீ எழுதவில்லை. என்னைப் பிழையிலேயே விட்டுவிட்டு, நல்லவனாக நின்று, பெற்றோலும் தந்துவிட்டு, ஜூனில் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாய். உன் அம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா போனபோது செய்தி அனுப்பினேன். அப்போது உன் நம்பருக்கு இரண்டு டிக்கும் நீலமாக விழுந்தது. நீ பார்த்தாய். அப்பா உன்னை ஒன்றும் செய்யவில்லையே? அவருக்காக ஒரு வரி போட்டிருக்கலாம். நான் செய்தது பெரிய பிழைதான். அதற்கு இவ்வளவு நீளமான தண்டனை வேண்டாம்.

ஊரை விட்டுப் போனதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த வருடம் போனவர்கள் கனபேர். 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊரில் ஒரு போத்தல் பெற்றோலுக்கு ராத்திரி முழுக்க நின்றவர்கள் நாங்கள். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கானை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறார். மூடி உடைந்து பொலித்தீன் கட்டியிருக்கிறது.

இன்று 19-ஐ வாசித்த பிறகு மேலே ஏறுவதை விட்டுவிட்டுக் கீழேயும் இறங்கிப் பார்த்தேன். நான் விழுந்த பிறகு என்ன நடந்தது என்று. 22-ஆவது துண்டு, டி:34700. ஏடைப் 3. டிஐடி அந்த ஹைன்கெல். ஏஐடியை இந்த முறை சரியான கட்டில், சரியான ஏடைப் 10 வரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். அது நீ. நான் விழுந்து 65 வினாடிக்குப் பிறகு. அதற்கு முன்னுள்ள வரிகளில் அந்தத் துப்பாக்கிக்காரன் உன்னையும் பதினொரு தரம் அடித்திருக்கிறான். நீ விலகவில்லை. டி:41350-இல் இறங்கியிருக்கிறாய், முழுதாக.

நம் குழுவுக்கு 19, 20, 22 மூன்றையும் பின்னேரம் அனுப்பிவிட்டேன். இன்னும் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

நீ அன்றைக்கு ஹெட்செட்டில் ஏதாவது சொன்னாயா என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். "விழுத்திட்டன் மச்சான்" என்று சொல்லியிருப்பாய். நான் விழுந்த உடனேயே கழற்றி மேசையில் எறிந்துவிட்டேன்.