அம்மாவின் தலைமாட்டு விளக்கு

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து நாலு மாதம். பதில் போடாதது பிழைதான். இங்கே எல்லோரும் சுகம். நெடுவல் வந்து போனான். அதே பழைய மாங்காய்க் கதையைத் திரும்பவும் சொல்லி, அதே மாதிரிச் சிரித்தான்.

இன்றைக்கு எழுத வைத்தது அம்மா. போன மாதம் ஒரு இரவு கரண்ட் போய்விட்டது. நான் வேலையால் வர முதல், அவ மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைத் தேடி எடுத்துக் கொளுத்தியிருக்கிறா. காற்றுக்குப் பறந்த திரைச்சீலையின் விளிம்பு கருகிவிட்டது. வந்து பார்த்தால் வாளித் தண்ணீரோடு நிற்கிறா. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது, மச்சான். 2022 கரண்ட் வெட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. டொக்டர் விஜய கொடகும்புரவை நினைத்தேன். குப்பி விளக்குச் சரிந்து தீக்காயத்தோடு வந்தவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், எளிதில் சரியாத, திருகு மூடி போட்ட கட்டைப் போத்தல் விளக்கைச் செய்த மனிதர். 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றவர். அவர் ஒழிக்கப் பாடுபட்ட சாமான் என் வீட்டு அலுமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது!

ஒரு டோர்ச் வாங்கினால் முடிந்தது என்பாய். அம்மாவின் விரலுக்கு அந்தச் சின்னச் சுவிட்சை அழுத்தப் பலமில்லை. அதனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், வெள்ளை எல்ஈடி மூன்று, கரண்டை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர், பற்றரிக் கூடு, சுவரில் பூட்டுகிற பெரிய சுவிட்ச் எல்லாம் வாங்கி வந்தேன்.

கணக்கு நீ படிப்பித்ததுதான். மூன்று பென்டோர்ச் (AA) பற்றரி தொடராக 4.5 வோல்ட். வெள்ளை எல்ஈடி கிட்டத்தட்ட 3 வோல்ட் எடுக்கும். மிச்சம் 1.5ஐ 100 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் 15 மில்லி அம்பியர் ஓடும். மூன்றுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போட்டேன். ஒன்றையே பொதுவாகப் போட்டால் ஒரு எல்ஈடி கூடுதலாக இழுத்துக்கொள்ளும். நீட்டுக் கால் பிளஸ் பக்கம் என்பதை மறந்து ஒன்றை மாறிப் பொருத்தி, அரை மணித்தியாலம் ஏன் எரியவில்லை என்று தேடினேன். புதுப் பற்றரிக்கு 40 மணித்தியாலமாவது எரியும்; போகப்போக மங்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஜாம் போத்தலுக்குள் வைத்து, உள்ளே ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றினேன். ஜாம் போத்தலைக் கண்டதும் உனக்கு நாம் செய்த எந்தப் பரிசோதனை ஞாபகம் வருமென்று தெரியும். உன் முன்மயிர் பொசுங்கிய மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

அம்மா மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. “சுடேல்லையடா” என்றா. பிறகு தலைமாட்டில் வைத்துவிட்டு, தீப்பெட்டியைத் தானாகவே என் கையில் தந்தா.

இனி ஒரு உதவி. கோண்டாவில் வீட்டில் உன் சைக்கிள் டைனமோ கிடக்கிறதா? சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சுற்றி றேடியோச் செய்தி கேட்டோமே, அதேதான். நாலு டயோட் போட்டு, மாறி மாறி ஓடும் அதன் கரண்டை ஒரு பக்கமாக்கினால் அதில் எல்ஈடி எரிக்கலாம். அக்காவிடம் கேட்டு எழுது. அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகும்போது எடுத்துவருவேன்.

அன்புடன்,
உன் மச்சான்