போனையும் எடுத்துக்கொண்டு வாடா தம்பி

தம்பி,

ரெண்டு ஞாயிறா உன்ர கதிரை சும்மா கிடக்கு. வட்ஸ்அப்பில எழுதினா பாத்துட்டு பேசாமல் இருப்பாய் எண்டு தெரியும், அதான் இஞ்ச எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதுறன், உன்னைப் பேசினதும் எல்லாருக்கும் முன்னால தானே.

விசயம் தெரியாமல் வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு சொட்டு சொல்லிப்போட்டு வாறன். நாங்கள் கொக்குவில்ல ஒரு வீட்டு விறாந்தையில ஞாயிறு பின்னேரத்தில டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறனாங்கள், 1974 இல அமெரிக்காவில வந்த விளையாட்டு, ஒருத்தர் கதை நடத்துவார், அது நான், மற்ற ஆக்கள் ஆளுக்கொரு பாத்திரமா இருந்து டைஸ் உருட்டி ஆடுவினம். அந்தப் பாத்திரத்தின்ர பலம், பலவீனம், கையில என்ன ஆயுதம், எல்லாம் எழுதின தாள்தான் கரக்டர் ஷீற். சாத்திரியாரிட்ட கொண்டுபோற குறிப்பு மாதிரி எண்டு வையுங்கோ. இப்ப அதைப் போனில ஆப்பா வைச்சிருக்கலாம், கூட்டல் கழித்தல் எல்லாம் தானாச் செய்யும். சண்டை வந்தது அதாலதான்.

அண்டைக்கு நடந்ததை நான் நினைவு வைச்சிருக்கிற மாதிரிச் சொல்லுறன், பிழை எண்டால் வந்து திருத்து. ஓகர் எண்ட ராட்சதன் உன்ர ஃபைற்றரை, அதான் உன்ர சண்டைக்காரப் பாத்திரத்தை, அடிக்குது, நான் இருபது பக்க டைஸில 11 உருட்டினன், ஓகருக்குக் கிடைக்கிற 6 ஐயும் கூட்ட 17. உன்ர ஆர்மர் கிளாஸ், அதாவது உன்னில அடி விழ எட்டவேண்டிய எண், எவ்வளவு எண்டு கேட்டன், 18 எண்டாய். ஏன் 18 எண்டு கேட்டன். "ஷீற்றில அப்பிடித்தான் கிடக்கு அண்ணை."

அந்தப் பதில்தான் எனக்கு விசரைக் கிளப்பினது. செயின் மெயில் கவசத்துக்கு 16, கேடயத்துக்கு 2, மொத்தம் 18, அது சரி. ஆனால் நீ அதுக்கு முதல் சுத்திலதானே ரெண்டு கையாலயும் பிடிக்கிற பெரிய வாளை உருவினனீ, பிறகு கேடயத்தை எந்தக் கையில பிடிச்சனீ, காலிலயா? ஆப்பில பிழை இல்லை, கேடயத்தைக் கழட்டினதா நீ அதில ரிக்கை எடுக்கேல்ல, அவ்வளவுதான். அப்ப 16, அடி விழுந்தது, உயிர்ப்புள்ளி 13 போச்சு, உன்னட்ட இருந்தது 9. விழுந்தாய்.

பேந்து நாலு தரம் சாவுக்கு உருட்டினாய், 10 உம் அதுக்கு மேலயும் எண்டால் சரி, கீழ எண்டால் பிழை, மூண்டு சரி வந்தா ஆள் தப்பும், மூண்டு பிழை வந்தா கதை முடிஞ்சுது. ரெண்டு சரி ரெண்டு பிழை. மேசையில தின்ன வைச்ச ரோல்ஸைக் கூட ஒருத்தரும் தொடேல்ல. அஞ்சாவது உருட்டுக்கு முதல் உன்ர போன் சார்ஜ் இல்லாமல் செத்துது, நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம், இருக்கேல்ல. "இதுக்குத்தான் சொன்னனான், இனி இந்த மேசைக்கு ஒருத்தரும் போன் கொண்டு வரப்படாது" எண்டன். நீ பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து போட்டாய்.

எனக்கு ஏன் கடதாசியில இவ்வளவு பிடிப்பு எண்டு நீ யோசிச்சிருப்பாய். நீ வரமுதல் நடந்த கதை. நாங்கள் ஆடத்தொடங்கினதே 2022 இல, ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினாங்களே, அந்த நேரம். ரிவி இல்லை, நெற் இல்லை, ஃபானும் இல்லை, மெழுகுதிரியைக் கொளுத்திவைச்சு விறாந்தையில குந்தியிருந்து வேற என்ன செய்யிறது? அப்ப கடதாசிக்கும் நாட்டில தட்டுப்பாடு, சோதினையே கொழும்புப் பக்கம் கடதாசி இல்லாமல் தள்ளிப்போட்டவங்கள், நாங்கள் பழைய ரியூசன் நோட்ஸின்ர பின்பக்கத்தில கோடு கீறித்தான் ஷீற் செய்தனாங்கள். என்ர முதல் ஷீற்றைத் திருப்பினா இரசாயனவியல் சமன்பாடு. அழிரப்பர் போட்டுப் போட்டு உயிர்ப்புள்ளி எழுதுற இடம் ஓட்டையாப் போச்சு. அந்தத் தாளை இன்னும் வைச்சிருக்கிறன்.

ஆனா நீ போன பிறகு ஒண்டு கண்டுபிடிச்சன், அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெக்கமாயும் கிடக்கு. எங்கட கிளெரிக், அதான் பூசாரிப் பாத்திரம், ஆடுற அக்கான்ர தாளை வாங்கிப் பாத்தன், அவ லெவல் 5 க்கு வந்து ரெண்டு மாசம், அடிக்கிற உருட்டோட கூட்டுற ப்ரொஃபிசியன்சி போனஸ் இன்னும் 2 எண்டே கிடக்கு! 5 ஆம் லெவலில அது 3 ஆகவேணும். ரெண்டு மாசமா அக்கா ஒவ்வொரு அடியிலயும் ஒண்டு குறைச்சே கூட்டியிருக்கிறா, நானும் கவனிக்கேல்ல. எந்த ஆப் எண்டாலும் லெவலைக் கூட்டின அந்த நிமிசமே மாத்தியிருக்கும். ஓகருக்கு எதிரா உனக்கு ரெண்டு கூடினதுக்கு நான் துள்ளினன், அக்காவுக்கு ரெண்டு மாசமா ஒண்டு குறைஞ்சது கடதாசி எண்டபடியா என்ர கண்ணில படேல்ல. இது ஞாயமே இல்லை.

நீ போகேக்க படலையில நிண்டு சொன்னதையும் மறக்கேல்ல. "81 இல நூலகத்துக்கு என்ன நடந்தது அண்ணை, நீங்கள் இன்னும் கடதாசியை நம்புறியளோ?" அடேய், ஒரு ஃபைற்றரின்ர ஷீற்றுக்கு யாழ் நூலகத்தை எரிச்சதை இழுக்கிறது கொஞ்சம் ஓவர். கடதாசி எரியும் எண்டு யாழ்ப்பாணத்தானுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை, 2005 இல இருந்து நூலகம் எண்ட இணையத்தளத்தில ஆக்கள் புத்தகம் புத்தகமா ஸ்கான் பண்ணிப் போடுறதும் அதாலதான். ஆனா அவை ஏத்திறது ஆரும் எடுத்து வைச்சிருக்கக்கூடிய கோப்பு. உன்ர ஷீற் கிடக்கிறது ஒரு கொம்பனியின்ர சேவரில. 2024 ஆவணியில இந்த விளையாட்டின்ர கொம்பனி நடத்துற டி அண்ட் டி பியோண்டில நடந்தது தெரியும் தானே, புது விதிப்புத்தகம் வரப்போகுது, ஷீற்றில இருக்கிற 2014 விதிப்புத்தகத்து ஸ்பெல், அதான் மந்திரம், எல்லாம் புதுசுக்கு மாறும் எண்டு அறிவிச்சு, ஆக்கள் கொதிச்சு எழும்பின பிறகுதான் பின்வாங்கினவை. தாளில எழுதின ஸ்பெல்லை ஒருத்தரும் அமெரிக்காவில இருந்து அழிக்கேலாது.

அதால நான் ஒரு வேலை செய்தனான், சிரிக்காத. கூகிள் ஷீற்ஸில ஒரு ஷீற் செய்திருக்கிறன், முழுக்கத் தமிழில. வலு, சுறுசுறுப்பு, தாக்குப்பிடிப்பு, அறிவு, விவேகம், வசீகரம் எண்டு ஆறு குணமும். 2023 தை மாசம் அந்த விளையாட்டின்ர அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் எண்ட பொது உரிமத்தில விட்டிட்டினம், எங்கயிருந்து எடுத்தது எண்டு பேரைப் போட்டா மொழிபெயர்க்கவும் பகிரவும் தடை இல்லை. ஆர்மர் கிளாஸுக்கு ஒரே பெட்டி வைக்கேல்ல, கவசம் ஒரு பெட்டி, கேடயம் ஒரு பெட்டி, மற்றது ஒரு பெட்டி, கூட்டுத்தொகை பக்கத்தில. ஏன் 18 எண்டு ஆரும் கேட்டா நீ விரலை வைச்சுக் காட்டலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவும்தான், அதைப் போனில கோவமா மாத்திக் கத்திப்போட்டன்.

அதிலயும் பிழை விட்டனான் பார். உருட்டோட கூட்டுற எண் எடுக்க, ஒரு குணத்தின்ர எண்ணில 10 ஐக் கழிச்சு ரெண்டால பிரிச்சுக் கீழ்ப்பக்கம் முழு எண்ணாக்க வேணும் தானே, நான் ரவுண்ட்டவுன் எண்ட ஃபங்சனைப் போட்டிட்டன், அது சைபரை நோக்கித்தான் தள்ளும், 9 இருக்கிற ஆளுக்கு சய 1 வராமல் 0 வந்தது. ஒரு முழுப் பின்னேரம் எல்லாரும் கொஞ்சம் பலசாலியா இருந்தினம். அக்காதான் பென்சிலால கணக்குப் போட்டுப் பிடிச்சவ. இப்ப இன்ற் எண்ட ஃபங்சன். நீ வந்து மிச்சத்தைப் பார், ஸ்பெல் பக்கம் இன்னும் அலங்கோலம். வீட்டை நெற் இருக்கேக்கயே ஓஃப்லைன் எண்டதை ஓன் பண்ணிக்கொண்டு வா, விறாந்தையில சிக்னல் எப்பிடி எண்டு உனக்குத் தெரியும். கொமினிகேசன் கடையில பிறின்ற் ஒண்டும் எடுத்து என்ர கொப்பிக்குள்ள வைச்சிருக்கிறன், அதுக்கு நீ வாயைத் திறக்கக்கூடாது.

டைஸ் மட்டும் மேசையில. அதில நான் மாறமாட்டன், தாயம் போனில விழுந்தா ஆர் கத்துவான்?

கதவடிப் பிளக் உனக்கு, நீட்டு வயர் ஒண்டு வாங்கிக் கிடக்கு. நல்லூர்க் கொடி ஏறிச்செண்டால் 25 நாளைக்கு ஒருத்தரையும் பிடிக்கேலாது, அதுக்கு முதல் இந்த ஞாயிறு வா. உன்ர ரெண்டு சரியையும் ரெண்டு பிழையையும் அண்டைக்கே கொப்பியில பென்சிலால குறிச்சு வைச்சனான். பக்கத்து வீட்டுப் பெடியன் தான் உருட்டித் தாறன் எண்டு ரெண்டு தரம் கேட்டவன், குடுக்கேல்ல.

அண்ணை