ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: யானைமலைக்குப் போகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் இப்போது பாறைக்கோளம், அதாவது பூமியின் மேல் ஓடான பாறை அடுக்கைப் பற்றிய பாடம் நடக்கிறது. சென்ற வாரம் அந்த வகுப்புக்குப் போயிருந்தேன். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று பிள்ளைகள் மடமடவென ஒப்பித்தார்கள். "சரி, நம்ம வாசற்படிக் கல் இதுல எது?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும், "எங்கப்பாவுக்குத் தெரியும் டீச்சர், அவரு கல்லு உடைக்கிறவரு" என்றான். அவன் சொன்னதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பிள்ளைகளை யானைமலை அடிவாரத்துக்கு, நரசிங்கம் பக்கம், அழைத்துப் போகிறோம். தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற மலைதான். ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லில் வெளுப்பும் கறுப்புமாக வரி ஓடுவது தெரியும். எல்லாம் கல்லில் கலந்திருக்கும் கனிமங்கள்: வெளுப்பில் பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ், மினுங்குவது நாம் காக்காப்பொன் என்கிற மைக்கா. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து அழுந்தியதால் வந்த வரி அது. பிள்ளைகள் ஒப்பித்த உருமாறிய பாறை இதுதான். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிச் சேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நம் வட்டாரப் பாறைகள் அப்படி வெந்தன.

ஆழத்தில் கிடந்த கல் இன்று ஒத்தக்கடை ரோட்டோரம் நிற்கிறது என்றால், அதன்மேல் இருந்த அத்தனை பாறையும் அரித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மேல்சுமை இறங்கியதும் பாறை விரிந்து, வெங்காயத் தோல் மாதிரி பட்டை பட்டையாக உரிகிறது. யானையின் முதுகு வழவழவென்று வளைந்திருப்பது அதனால்தான்.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்கும். அதில் ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் அசையாது, மணலாக மிஞ்சும். வருசநாட்டு மலையிலிருந்து வைகை சுமந்து வந்தது இதைத்தான். நம் வீட்டுச் செங்கல், பூச்சு மணல், கண்மாய் வண்டல் எல்லாம் ஒருகாலத்தில் மலையாக இருந்தவை. எவ்வளவு மெதுவான வேலை என்பதற்கு பாறையைக் குடைந்து செய்த நரசிங்கம் குடைவரைக் கோயிலே சாட்சி. கி.பி. 770-இல் வெட்டிய கல்வெட்டை இன்றும் படிக்க முடிகிறது. குகைக்குள் ஒதுங்கியிருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

உங்களில் கல் உடைத்தவர்கள், அம்மி கொத்துகிறவர்கள், கிணறு வெட்டியவர்கள், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். கல் எந்தப் பக்கம் பிளக்கும், எத்தனை அடியில் மண் முடிந்து பாறை தட்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து வாருங்கள். கால்மணி நேரம் பேசினாலும் போதும். மேடைப் பேச்சு வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். வேலை நாளாக இருந்தால் முந்தின நாள் சொல்லுங்கள், உங்களுக்குத் தோதான நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறோம்.

பிள்ளைகளிடம் தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது துண்டு, காலை டிபன் கொடுத்துவிடுங்கள். செருப்பு வழுக்கும், ஷூ இருந்தால் நல்லது. பாறைமேல் ஏற விடமாட்டோம், அடிவாரத்தோடு சரி. சமணர் சிற்பங்களிலோ கல்வெட்டிலோ கைவைக்கக் கூடாது, பெயர் கிறுக்கக் கூடாது என்று வீட்டிலும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். 11 மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம்.

கீழே உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். பேச வருகிறவர்கள் சீட்டின் பின்பக்கம் உங்கள் தொழிலை மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்