உன் நண்பனிடம் சொல்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். செல்விக்கு வளைகாப்பு நாள் குறித்தாகிவிட்டது, தேதியை அம்மா சொல்லியிருப்பாள். பட்டறையில் வேலை சுமாராக வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக, அரை ஓமுக்கும் குறைவான சுருளை மல்டிமீட்டரில் எப்படி அளப்பது என்று கேட்டாய். எதற்கு என்றேன். லெஸ்டரில் உன்னோடு தங்கியிருக்கும் நண்பன் வேப் என்கிற இ-சிகரெட்டுக்குச் சுருள் சுற்றுகிறான், 26 கேஜ் காந்தல் என்ற சூடேறும் கம்பி, ஏழு சுற்று, இரண்டு சுருள், பித்தளைக் குழாய், உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் போர்டு எதுவும் கிடையாது என்று மூச்சு விடாமல் சொன்னாய். நண்பனைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய், நல்லது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாய்.

சரி, நண்பனுக்கே இருக்கட்டும். அவனிடம் இதைச் சொல்.

முதலில் கம்பி. அவன் சொல்லும் 26 அமெரிக்கக் கணக்கு, 0.40 மி.மீ. நம் பட்டறையில் 26 என்றால் 0.46 மி.மீ. எண்ணை நம்பி வேறு கணக்குக் கம்பியைச் சுற்றினால் ஓம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மைக்ரோமீட்டரில் அளக்காமல் கம்பியைத் தொடக் கூடாது என்று உனக்குப் பத்து வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 0.40 கம்பியை 3 மி.மீ. தண்டில் ஏழு சுற்று சுற்றினால், கால்களையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு ஓம் வரும். இரண்டை இணையாக மாட்டினால் அரை ஓம். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். ஆக 8.4 ஆம்பியர். இது பரவாயில்லை. ஆனால் இந்தப் பழக்கம் அரை ஓமில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். புகை அடர்த்தியாக வேண்டும் என்று 0.2க்குப் போனால் 21 ஆம்பியர். 0.1க்குப் போனால் 42. சாம்சங் 25ஆர் பேட்டரியே தொடர்ந்து 20 ஆம்பியர்தான் தாங்கும். உறையில் பெரிய எண்ணை அச்சடித்து விற்கும் பெயர் தெரியாத பேட்டரியை வாங்கவே வேண்டாம்.

சாதாரண மல்டிமீட்டரை இதற்கு நம்பாதே. அதன் இரண்டு வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வருவதைக் கழித்தாலும் கை அழுத்தம் மாறினால் அளவும் மாறும். அட்டமைசரை, அதாவது சுருள் மாட்டிய தலைப்பகுதியை, அப்படியே திருகி வைத்து அளக்கும் சிறு ஓம் மீட்டர் தனியாக விற்கிறது. அதை வாங்கு. வாங்கச் சொல். அளவு ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால் திருகு இறுகவில்லை, அல்லது சுருளின் கால் எங்கோ உலோகத்தைத் தொடுகிறது.

அளந்த கையோடு குழாயில் மாட்டிவிடக் கூடாது. போர்டு உள்ள கருவியில் வைத்து, குறைந்த வாட்டில், திரவத்தை உறிஞ்சும் பஞ்சைப் போடாமல், விட்டுவிட்டுச் சூடாக்க வேண்டும். சுருள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். ஓரமாக ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால், கரண்டை நிறுத்திவிட்டுச் செராமிக் இடுக்கியால் நெருடிச் சரிசெய்ய வேண்டும். பஞ்சு போட்ட பிறகு மறுபடியும் ஓம் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம். என்னைத் தூங்கவிடாதது அந்தப் பேட்டரியின் தலைப்பக்கம். 18650 என்ற அந்த உருளைப் பேட்டரியை எடுத்து உற்றுப் பார். நடுவில் இருப்பதுதான் பாசிட்டிவ். அதைச் சுற்றியுள்ள விளிம்பு, கீழ்வரை இறங்கும் உடம்பு முழுவதும் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான் இருக்கின்றன. உறை அந்த விளிம்பில் நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் குழாய்க்குள் போடக் கூடாது. உறை சில காசுதான், புதிதாக மாற்றிக்கொள்ளலாம். குழாயின் மூடி ஹைப்ரிட் வகை என்றால் இன்னும் மோசம். அதில் அட்டமைசரின் அடிமுனை நேராகப் பேட்டரியையே தொடுகிறது. முனை நன்றாக வெளியே நீண்டிருக்காவிட்டால் மரையும் சேர்ந்து தொட்டு நேரடி ஷார்ட். போர்டு இருந்தால் தடுத்திருக்கும். பித்தளைக் குழாய்க்கு என்ன தெரியும்? ஃப்யூஸ் இல்லாத லைனில் கை வைக்காதே என்று இந்தப் பட்டறையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், என் மகன்... நண்பன் அதைத்தான் வாயில் வைத்துக்கொண்டு அலைகிறான்.

2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவர் இப்படி வேப் வெடித்துச் செத்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இன்னொருவர். சிதறிய துண்டு கழுத்து இரத்தக்குழாயை அறுத்துவிட்டது. அவருக்கு வயது 24. உனக்கும் அதே வயதுதான் கண்ணு.

பொத்தானைப் பூட்டாமல் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. சாவிக்கொத்தோடு பேட்டரியைப் போடக் கூடாது. உறை கிழிந்ததைப் போடக் கூடாது, சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்.

சுருள் சுற்றத் தெரிந்த கை நம் வீட்டுக் கை. ஒழுங்காகத்தான் சுற்றியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கைக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா? தாத்தா கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கினாரே, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தது நீதானே. சிகரெட்டை விட இது மேல் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள், படித்தேன். சிகரெட் பிடித்தவனுக்கு அது பொருந்தும். உன் நண்பன் முன்பு சிகரெட் பிடித்தானா என்பதை மட்டும் கேட்டு எழுது.

வளைகாப்புக்கு அவனையும் அழைத்து வருவதாக இருந்தால் சொல், மாடி அறையை ஒழித்து வைக்கிறோம். அந்தக் குழாய் மட்டும் வரக் கூடாது. 2019 இ-சிகரெட் தடைச் சட்டப்படி இங்கே அதைக் கொண்டுவந்தால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அந்த மூடி ஹைப்ரிட்டா இல்லையா, பேட்டரி உறையில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் படம் எடுத்து இந்த மின்னஞ்சலுக்கே அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், அம்மா பார்ப்பாள்.

அன்புடன்,
அப்பா