செயலாளர் ஆண்டறிக்கை 2025: மலையாளப் படங்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம். நாகர்கோவிலில் இயங்கும் நம் திரைப்படச் சங்கம் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இரங்கல். ஜனவரி 9 அன்று பாடகர் பி. ஜெயச்சந்திரன் மறைந்தார். 'ராசாத்தி உன்னைக் காணாத நெஞ்சு' பாட்டைத் தமிழ்நாடு முழுக்க எடுத்துச் சென்ற குரல் அது. ஏப்ரல் 28 அன்று இயக்குநர் ஷாஜி என். கருண். போலீஸ் பிடித்துக்கொண்டு போன மகனுக்காகக் காத்திருக்கும் அப்பாவின் கதையான அவருடைய 'பிறவி', 1989 கான் விழாவில் சிறப்புக் குறிப்புப் பெற்றது. ஆண்டு முடியும் நேரத்தில், டிசம்பர் 20 அன்று, நடிகரும் திரைக்கதையாசிரியருமான ஸ்ரீனிவாசன். தாழ்வு மனப்பான்மையும் சந்தேகமும் பிடித்தாட்டும் கணவனாக, தானே எழுதி இயக்கிய 'வடக்குநோக்கியந்திரம்' படத்தில் 1989லேயே தன்னையே கேலிப்பொருளாக்கிக்கொண்டு நடித்தவர். இன்றைக்கு பகத் பாசிலும் பேசில் ஜோசப்பும் ஏற்கிற பல பாத்திரங்களுக்கு அவர்தான் வழி போட்டுக் கொடுத்தார் என்பது என் எண்ணம். மூவருக்கும் சங்கத்தின் அஞ்சலி.

இந்த ஆண்டு முழுவதும் சமகால மலையாளப் படங்களையே எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. அப்போது எதிர்ப்பும் இருந்தது. "தினமும் வீட்டு டிவியில் பார்ப்பதை இங்கே வந்து எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். மலையாளப் படம் நமக்கு அயல்நாட்டுச் சரக்கு அல்ல. ஆனால் பார்ப்பது வேறு, உட்கார்ந்து பேசுவது வேறு. அதோடு, 'மலையாளப் படம் மாதிரி வருமா' என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வளர்ந்துவிட்டது. எது மாதிரி, ஏன் என்று ஓர் ஆண்டாவது கேட்டுப் பார்க்கலாமே என்பதுதான் செயற்குழுவின் நோக்கம்.

பழைய படங்களை உரியவர்களிடம் அனுமதி பெற்றுத் திரையிட்டோம். புதிய படங்களுக்கு அது நடக்காது. அவற்றைத் தியேட்டரில் அவரவர் பார்த்துவிட்டு வந்து பேசினோம்.

2016இல் வந்த 'மகேஷிண்டெ பிரதிகார'த்தில் தொடங்கினோம். இடுக்கி மலையில் ஸ்டுடியோ நடத்தும் ஒருவன் ஊர் பார்க்க அடி வாங்குகிறான். திருப்பி அடிக்கும்வரை செருப்பு போடுவதில்லை என்று சபதம் எடுக்கிறான். கதை அவ்வளவுதான். அதே இயக்குநர் திலீஷ் போத்தன் அடுத்த ஆண்டு எடுத்த 'தொண்டிமுதலும் திருக்சாட்சியும்' படத்தில் பஸ்ஸில் ஒரு தாலிச் சங்கிலியைத் திருடன் விழுங்கிவிடுகிறான். அது வெளியே வரும்வரை ஒரு போலீஸ் நிலையமே காத்திருக்கிறது. அந்தப் போலீஸ் பாத்திரங்கள் பலவற்றில் நிஜப் போலீஸ்காரர்களே நடித்திருக்கிறார்கள் என்பதைச் சொன்னபோது அரங்கில் ஒரு சிரிப்பு. காசர்கோடு மலையாளம், திருவனந்தபுரம் பேச்சில் ஊறிய நம் ஆட்களுக்கே பிடிபடவில்லை என்பது தனிக்கதை.

இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் ஒன்று தெளிந்தது. இந்தக் கதைக்காரர்கள் பெரிய கருத்தில் தொடங்குவதில்லை. ஒரு செருப்பு, ஒரு சங்கிலி, ஓர் ஊர், ஒரு தொழில் என்று எடுத்துக்கொண்டு கடைசிவரை அதை விடாமல் பின்தொடர்கிறார்கள். சாதி, பணம், போலீஸ், கௌரவம் எல்லாம் அந்த வழியில் தானாக வந்து சேர்கின்றன. 'எதார்த்தம்', 'குறைந்த பட்ஜெட்' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இதற்குப் போதாது. இதைச் செய்ய எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். சியாம் புஷ்கரன் போலத் திரைக்கதையாசிரியர் பெயரைச் சொல்லியே படத்தை அடையாளம் காட்டும் வழக்கம் அங்கே இருக்கிறது. பி.எஃப். மேத்யூஸ், எஸ். ஹரீஷ், ஜி.ஆர். இந்துகோபன் போன்ற புனைகதை எழுத்தாளர்கள் திரைக்கதையும் எழுதுகிறார்கள். போலீஸ் கதைகளால் பெயர் பெற்ற ஷாஹி கபீர் போலீஸில் வேலை பார்த்தவர்.

மேத்யூஸ் எழுதி லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'ஈ.ம.யௌ' திரையிடலுக்குக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செல்லானம் பக்கத்து லத்தீன் கத்தோலிக்க மீனவக் குடும்பம், அப்பாவுக்கு ஊர் மெச்சும் சவ அடக்கம் நடத்துவதாக வாக்குக் கொடுத்த மகன், சந்தேகம் கிளப்பும் பங்குச் சாமி, நிற்காத மழை. படம் முடிந்ததும் யாரும் லிஜோவின் கேமராவைப் பற்றிப் பேசவில்லை. சவப்பெட்டி விலை பற்றிப் பேசினார்கள். பேண்டு செட்டு வைப்பதா வேண்டாமா என்று தங்கள் வீட்டில் நடந்த சண்டையை ஒரு அக்கா சொன்னார். கொச்சிக் கடற்கரைக்கும் நம் கடற்கரைக்கும் நடுவில் மாநில எல்லை இருக்கிறதே தவிர, துக்க வீட்டில் வித்தியாசம் இல்லை. இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான்.

பெண்கள், வீடு, பணம் என்ற வரிசையில் சில படங்களைச் சேர்த்துப் பேசினோம். ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021 ஜனவரியில் பெரிய ஓ.டி.டி. தளங்கள் எதிலும் இடம் கிடைக்காமல், நீஸ்ட்ரீம் என்ற சிறிய மலையாளத் தளத்தில்தான் முதலில் வந்தது. ஒழுகும் அடுப்படிக் குழாயைப் பற்றி எத்தனை முறை சொல்லியும் சரிசெய்ய ஆள் கூப்பிடாத கணவனை நம் உறுப்பினர்கள் பலருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஃபாசில் முஹம்மதுவின் 'பெமினிச்சி பாத்திமா'வில் பொன்னானியில் இருக்கும் ஓர் இல்லத்தரசிக்கு வேண்டியது ஒரு புது மெத்தை மட்டுமே. முதுகுவலிக்கு. அதைக் கேட்டு வாங்குவதற்குள் வீட்டு அதிகாரம் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. அதில் நடித்த ஷம்லா ஹம்சாவுக்கு இந்த நவம்பரில் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

அப்புறம் 'பொன்மேன்'. ஜோதிஷ் சங்கர் இயக்கிய இந்தப் படம் ஜனவரியில் வெளியானது. இந்துகோபனின் நாவல்தான் மூலம். கொல்லம் பகுதியில் கல்யாண வீட்டுக்கு நகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மொய்ப் பணத்தில் அதன் விலையை வசூலிக்கும் ஆள்தான் நாயகன். மொய் போதவில்லை. நகையோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பே சொல்ல முடியாதபடி கதை போகிறது: நகைக்காரன் கேட்பதும் நியாயம், பெண்ணின் பயமும் நியாயம். நம் மாவட்டத்தில் கல்யாணப் பேச்சு எத்தனை பவுனில் தொடங்குகிறது என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விவாதம் சூடாகி, இரண்டு சம்பந்திகள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்ததால் தலைவர் குறுக்கிட்டுத் தேநீர் இடைவேளை அறிவிக்க வேண்டியதாயிற்று. சீதனத்தை எதிர்த்து நூறு மேடைப்பேச்சு கேட்டிருக்கிறோம். நகை வரும் வழியைக் காட்டிய படம் இது ஒன்றுதான்.

ஆனந்த் ஏகர்ஷியின் 'ஆட்டம்' பற்றிய கூட்டத்தில் பெரும் பகுதி படத்துக்கு வெளியே போனது. அது சரியே. நாடகக் குழு ஒன்றில் பன்னிரண்டு ஆண்கள், ஒரு பெண். அவள் மீது நடந்த அத்துமீறலைப் பற்றி ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள். வெளிநாட்டு வாய்ப்பு ஒன்று கண்ணில் பட்டதும் நியாயத்தின் சுருதி மாறுகிறது. 2024 ஆகஸ்ட் 16 அன்று சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்கு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 19 அன்று, மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை வெளியானது. 2019 டிசம்பரில் அரசிடம் கொடுக்கப்பட்ட அறிக்கை அது. நான்கரை ஆண்டுக்கும் மேலாக அலமாரியில் கிடந்து, பல பகுதிகள் மறைக்கப்பட்டு வெளிவந்தது. அதை அடுத்து நடிகர் சங்கமான அம்மாவின் நிர்வாகக் குழு ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்ததும், இந்த ஆகஸ்டில் ஸ்வேதா மேனன் அதன் முதல் பெண் தலைவரானதும் நீங்கள் அறிந்தவை. திரையில் இவ்வளவு நுணுக்கமாக நியாயம் பேசும் துறையின் படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை வசதிகூட இல்லை என்று பெண்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மலையாள சினிமாவைக் கொண்டாடும் நம் கூட்டங்களில் இதையும் பேசியாக வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி.

தமிழர்களை மலையாள சினிமா காட்டும் விதம் பற்றி ஒரு அமர்வு வைத்தோம். 'பாண்டி' என்று கேலி செய்யும் பழைய நகைச்சுவைகளை எல்லோரும் நினைவுபடுத்தினார்கள். 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நண்பர் ஒருவர் விழுந்து மீட்கப்பட்ட உண்மைச் சம்பவம் அது. நம் ஊரில் வசிக்கும் ஜெயமோகன் அந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியதையும் அதற்கு வந்த பதில்களையும் இரு தரப்பிலிருந்தும் வாசித்தோம். 'நண்பகல் நேரத்து மயக்கம்' பற்றி மட்டும் சண்டை இல்லை. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, பழனி பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குள் நடந்து, காணாமல் போன தமிழன் சுந்தரமாகவே மாறிவிடுகிறார். மம்மூட்டி அந்த வீட்டுக்குள் நுழைந்து இயல்பாகப் புழங்கத் தொடங்கும் இடத்தில் அரங்கம் நிசப்தமானது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவும், படம் முழுக்கப் பின்னால் ஓடும் பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் அந்தக் கிராமத்தை வேடிக்கைப் பொருளாக்காமல் காப்பாற்றின.

ஜே.சி. டேனியல் மறைந்து 50 ஆண்டுகள் ஆனதை ஒட்டி ஏப்ரல் 27 அன்று நினைவுக் கூட்டம் நடத்தினோம். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் அவர் கடைசிக் காலத்தைக் கழித்ததும் இறந்ததும் நம் அகஸ்தீஸ்வரத்தில். அவருடைய மௌனப்படமான 'விகதகுமார'னில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண் என்பதற்காக ஆதிக்க சாதியினர் திரையில் கல் எறிந்தார்கள். அவருடைய வீட்டையும் எரித்தார்கள். தப்பி வந்த அவர், லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்துகொண்டு வாழ்ந்த ஊர் நாகர்கோவில். மலையாளத்தின் முதல் நாயகி நம் தெருக்களில் யாரென்று தெரியாமல் நடந்து போயிருக்கிறார். கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. அன்று ஞாயிற்றுக்கிழமை என்று காரணம் சொல்லலாம். எனக்கு வருத்தம் உண்டு.

அதற்கு நேர்மாறாக, 'லோகா' பற்றிப் பேச இடம் போதவில்லை. டொமினிக் அருண் இயக்கி, கல்யாணி பிரியதர்ஷன் நடித்து ஓணத்துக்கு வந்த அந்தப் படம் மலையாளத்தில் அதுவரை இல்லாத வசூலைக் கண்டது. நாயகி வேறு யாருமல்ல, நாட்டுப்புறக் கதைகளில் வரும் பேய்ப்பெண் கள்ளியங்காட்டு நீலி. நம் பாட்டிமார் காட்டிப் பயமுறுத்திய அதே நீலி. வில்லிசைக் கலைஞர் ஒருவரை அழைத்து நீலி கதையிலிருந்து ஒரு பகுதியைப் பாடச் சொன்னோம். நம் பக்கத்து நீலி, காதலன் கொன்றதற்குப் பழி தீர்க்கிறவள். படத்து நீலி, கோயிலுக்குள் போனதற்காக அரசன் ஒடுக்கிய கூட்டத்துப் பெண். பழியை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றம் புத்திசாலித்தனமானது. பிற்பாதிச் சண்டைக் காட்சிகள் எனக்கு அலுப்பூட்டின என்பதையும் பதிவு செய்கிறேன். கல்லூரி மாணவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

வசூல் பேச்சில் மயங்கிவிட வேண்டாம் என்று பொருளாளர் சொல்லச் சொன்னார். பெரும்பாலான படங்கள் நஷ்டம் என்று கேரளத் தயாரிப்பாளர் சங்கமே இந்த ஆண்டுத் தொடக்கத்தில் மாதக் கணக்கை வெளியிட்டது.

டிசம்பரில் உறுப்பினர்கள் சிலர் ரயிலேறித் திருவனந்தபுரம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய் வந்தார்கள். 'போர்க்கப்பல் பொடெம்கின்' உட்பட 19 படங்களுக்கு மத்திய அரசின் அனுமதி தடைபட்டதில் அங்கே எழுந்த போராட்டத்தை நேரில் பார்த்தவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள்.

இனி நிர்வாகம். வழக்கமான அரங்கின் வாடகை உயர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் இரண்டு திரையிடல்கள் மின்தடையால் தள்ளிப்போயின. புரொஜெக்டரின் விளக்கை மாற்றியாக வேண்டும். ஆங்கில சப்டைட்டில் வேகமாக ஓடுவதால் படிக்க முடியவில்லை என்று வந்த புகாருக்காகக் கதைச் சுருக்கத்தையும் முக்கியமான சில வசனங்களையும் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தோம். நல்ல வரவேற்பு, தொடரும். பெண் உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. மாலைக் காட்சியை ஐந்து மணிக்கே தொடங்கியதுதான் காரணம்.

பொதுக்குழு முடிவுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, பி.கே. ரோசி பெயரில் நாகர்கோவிலில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துவது, அதை ஞாயிற்றுக்கிழமையில் வைக்காமலிருப்பது. மற்றொன்று, வரும் ஆண்டில் ஆறு மாதம் தமிழ்ப் படங்கள், ஆறு மாதம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மொழி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது, வாசிக்கும் முன் கட்டிவிடுவது நல்லது. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்