பாயிண்டில் வண்டி தடம் புரள்கிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அந்தக் கடையில் வாங்கின பாயிண்டில் வண்டி போனாலே கவிழுது" என்று எங்கள் மாடல் ரயில் கடையைப் பற்றி ஒரு பேச்சு கொஞ்ச நாளாகச் சுற்றி வருகிறது. (பாயிண்ட் என்பது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் தண்டவாளத் துண்டு.) சிலர் எங்களிடமே நேரில் கேட்டீர்கள், அதற்கு நன்றி. கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பாயிண்டைக் கழற்றுமுன் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பெட்டி போனாலும் அதே பாயிண்டில் புரண்டால் கோளாறு பாதையில். ஒரே பெட்டி எல்லாப் பாயிண்டிலும் புரண்டால் கோளாறு அந்தப் பெட்டியில். எங்களிடம் திரும்பி வந்த பாயிண்டுகளில் பெரும்பாலானவை, எங்கள் மேசையில் வேறு பெட்டிகளை ஓட்டியபோது ஒழுங்காகவே வேலை செய்தன. பாயிண்டைக் கொண்டுவருகிறவர்கள் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். எங்களுக்கு வருத்தம் தருவது இதுதான்.

சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம். எச்.ஓ. எனப்படும் மாடல் ரயில் அளவில் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ.; ஓர் அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே சுமார் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். இது குறைந்தால் சக்கரங்களின் உட்பக்கங்கள் செக் ரயிலையும் (சக்கரத்தை வழிநடத்தத் தண்டவாளத்துக்கு உள்ளே வைத்த கம்பி) எதிர்ப்பக்கத்து உள்கம்பியையும் இறுகக் கவ்வி, சக்கர ஜோடி மேலே ஏறிவிடும். கூடினால் சக்கர விளிம்பு கிராசிங்கின் (இரண்டு பாதைகளின் கம்பிகள் குறுக்கிடும் இடம்) மூக்கில் போய் முட்டும். நேர்ப்பாதையில் இந்தக் குறை வெளியே தெரியாது. வண்டி அங்கே அழகாக ஓடுகிறதே என்று நம்பி, பழியைப் பாயிண்டின் மேல் போட்டுவிடுகிறோம். புதுப் பெட்டியாக இருந்தாலும் சரி, இந்த இடைவெளியைப் பார்க்கும் அளவுத் தகட்டை வைத்து ஒவ்வொரு அச்சையும் பாருங்கள். பிளாஸ்டிக் அச்சென்றால் சக்கரத்தை மெல்லத் திருகிக்கொண்டே நகர்த்தினால் போதும்.

பாதையிலும் கோளாறு வரும், இல்லையென்று சொல்லவில்லை. பாயிண்டில் வழி மாற்ற நகரும் கூரான கம்பியான நாக்கின் கூர்முனைப் பக்கமிருந்து வரும்போது மட்டும் புரள்கிறதென்றால், நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு முழுதாக ஒட்டவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பல தடவை அங்கே சிக்கியிருப்பது ஒரே ஒரு ஜல்லித் துணுக்கு, இல்லையென்றால் காய்ந்த பசை. நாக்கின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் சக்கரமும் மாட்டும், பொடி அரத்தால் லேசாக இழையுங்கள். பாயிண்டின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகை சமமாக இல்லை. ஜாய்னருக்கு (இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உறை) வெளியே கம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கப்ளருக்குக் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) கீழே தொங்கும் கம்பி, போகியை (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) அளவுக்கு மீறி இறுக்கிய திருகு, எடை குறைந்த பெட்டி, இடையே நேர்ப்பாதையே இல்லாமல் எதிரெதிராக வளையும் இரண்டு பாயிண்டுகள்: இவையும் பெட்டியைத் தூக்கிப் போடும். வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது இன்னும் மோசம்.

இதையெல்லாம் உங்களுக்காக உட்கார்ந்து பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் பட்டறைக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் கை எங்களுக்கு வராது. ஆனாலும் கடை திறந்த நாள் முதல் எங்களோடு இருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் இங்கேயே வாங்குகிறீர்கள். சிலர் எங்களுக்காகப் பேசியும் இருக்கிறீர்கள். அந்த அன்புக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

இனி சக்கரம் சரிபார்க்கச் சிறு கட்டணம் உண்டு. பசை போட்டுப் பதித்த பாயிண்டைத் திரும்ப எடுக்க இயலாது. அப்புறம், வரும்போது புரளும் பெட்டியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்